முதல்ல போய்ச் சேரட்டும்

கேள்வியைக் கேட்டதும் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். வெளியே பார்க்கும்படி ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ்கள் நிற்கும் முற்றமும், ஆக்சிஜன் சிலிண்டர்களை அடுக்கிவைத்த கம்பிக் கூண்டும்தான். ஆனாலும் ஏதோ முக்கியமானதைக் கவனிப்பவர் போல நின்றுகொண்டு, முதுகுக்குப் பின்னால் கட்டிய கையில் ஒவ்வொரு விரலாக மடக்குகிறார். ஐந்து விரலும் மடங்குகிற வரை அந்த அறையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. "வார்த்தை தேடுறவங்க முகத்தை உத்துப் பார்க்கக் கூடாதுங்க. குளிக்கிறவங்களைப் பார்க்கிற மாதிரி அது" என்பார். அடுத்த கையின் விரல்களுக்கு அநேகமாக வேலை வருவதில்லை. அதற்குள் யாராவது வாயைத் திறந்துவிடுகிறார்கள்.

காலை எட்டு மணியிலிருந்து மூன்று மணி வரை அவர் டீச்சர் இல்லை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பழைய நோயாளிகளின் கோப்புகளைத் தேடியெடுத்துக் கொடுக்கும் ரெக்கார்ட் ரூம் அக்கா. நாற்பத்து மூன்று வயது. காகிதம் புரட்டுவதற்காக வலது கட்டைவிரலில் மாட்டிய ரப்பர் உறையைக் கழற்ற மறந்து, அதோடுதான் படியேறி வருவார். மூன்று மணிக்கு மேல் இரண்டாம் மாடியின் பிசியோதெரபி அறை காலியாகிவிடும். காலை ஷிப்ட் முடிந்தவர்களும் மாலை ஷிப்டுக்கு வந்தவர்களும் ஒரு மணி நேரம் அங்கே மாணவர்கள். சமையற்கூடம், சலவை, துப்புரவு, ஸ்ட்ரெச்சர் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். பெஞ்சு கிடையாது. தாழ்வான கட்டில்களிலும், கால் பழக்கும் மரப்படிகளிலும், பெரிய ரப்பர் பந்துகளிலும் உட்கார்ந்துகொள்வார்கள். ரொட்டி வெட்டும் அம்மா மஞ்சள் பந்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. "இதுல உக்காந்தாத்தான் எனக்கு இங்கிலீஷ் ஓடுது" என்பார்.

இவர்களுக்கு ஏன் இங்கிலீஷ் என்றால், மருத்துவர்களும் நர்சுகளும் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது இங்கிலீஷ். தரையைத் துடைப்பவர்களும் கட்டிலைத் தள்ளுபவர்களும், படுத்திருப்பவர்களில் பாதிப் பேரும் பேசுவது தமிழ். நடுவில் ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறக்கத்தான் நிர்வாகம் இந்த வகுப்புக்குச் சம்மதித்தது. சொல்லிக்கொடுக்க யார் என்று கேட்டபோது கையைத் தூக்கியவர் ரெக்கார்ட் ரூம் அக்கா ஒருவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வேறு பெயர் இருந்தது. சிவப்புப் பேனா.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. எழுத்தில் பிழை கண்டால் அவருக்குக் கை நமைச்சல் எடுக்கும். அவருடைய கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வேலைக்குப் போகும்போது குளிர்பெட்டிக் கதவில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் திரும்பிவந்து பார்த்தால் அந்தச் சீட்டில் மூன்று சிவப்பு வட்டம் இருக்கும்.

"நான் எங்க போயிருக்கேன்னு உனக்குப் புரிஞ்சுதா, இல்லையா?"

"புரிஞ்சுது. ஆனா தப்பு."

மகள் இன்னும் கெட்டிக்காரி. பள்ளிக்கூடக் கட்டுரைகளை அம்மா கண்ணில் காட்டுவதையே நிறுத்திவிட்டாள்.

டீச்சர் பொல்லாதவர் இல்லை. இருபது வயதில் வேலை கேட்டுப் போன ஓர் இடத்தில், அவர் பேசிய ஒரு வாக்கியத்துக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நெட்டுருப் போட்டார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. தனக்குக் கவசமாக இருந்ததை மற்றவர்களுக்கும் மாட்டிவிட நினைத்தார், அவ்வளவுதான். கவசத்தின் கனம் மாட்டிக்கொண்டவருக்குத்தானே தெரியும்.

அந்த நாட்களில் வகுப்பில் ஆளுயர அட்டையில் வினைச்சொல் பட்டியல் தொங்கியது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வடிவம். எல்லோரும் எழுந்து நின்று கோரஸாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தேர்வு, திங்கட்கிழமை சுவரில் மதிப்பெண். முதல் மூன்று பேருக்குப் பேனா பரிசு. இருபத்து நான்கு பேரோடு தொடங்கிய வகுப்பு இரண்டே மாதத்தில் ஒன்பதாக இளைத்தது. "ஆர்வம் இல்லாதவங்களைக் கட்டியா இழுக்க முடியும்?" என்று டீச்சர் தலைமை நர்சிடம் சொல்லிவிட்டார். அப்படியே நம்பவும் நம்பினார்.

நின்றுபோனவர்களில் ஒருவர் ஸ்ட்ரெச்சர் அண்ணன். ஐம்பத்தொரு வயது, நல்ல உயரம். கையில் ஸ்ட்ரெச்சர் இல்லாதபோதும் அதைத் தள்ளுகிற மாதிரி லேசாக முன்னால் சாய்ந்துதான் நடப்பார். எந்தத் தாழ்வாரத்தில் எந்தத் தரை ஓடு தூக்கிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். எலும்பு முறிந்தவர்களைக் கொண்டுபோகும்போது அந்த ஓடுகளைச் சுற்றிக்கொண்டு போவார். வழி முழுக்கப் பேச்சுக் கொடுப்பார். "கூரையையே பார்த்துட்டுப் போறவங்களுக்குப் பயம் ஜாஸ்தி டீச்சர். என் மூஞ்சியைப் பார்த்தா கொஞ்சம் சிரிப்பாவது வரும்" என்பது அவர் கட்சி. பத்தொன்பது வருஷமாகப் பத்துப் பதினைந்து இங்கிலீஷ் வார்த்தைகளையும் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர். வகுப்பு என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். பழுப்பு அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். சுவர்ப் பட்டியலில் எட்டு வாரமும் கடைசிப் பெயர் அவருடையது.

ஒரு நாள் 'சாப்பிட்டாள்' என்பதை அவர் 'ஈட்டட்' என்று சொல்லிவிட்டார். டீச்சர் அவரை எழுப்பி நிறுத்தி, 'ஈட், ஏட், ஈட்டன்' என்று பத்து முறை சொல்லவைத்தார். சலவைப் பிரிவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். ஒரு வாரம் கழித்து வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

மூன்று வாரம் போன பிறகு இருவரும் ஒரே லிஃப்டில் போக நேர்ந்தது. அவர் கையில் வெறும் ஸ்ட்ரெச்சர், இவர் கையில் கோப்புக் கட்டு.

"என்ன அண்ணே, ஆளையே காணோம்?"

"வேலை டீச்சர்."

"வேலை எல்லாருக்கும்தான் இருக்கு. கொஞ்சம் முயற்சி பண்ணினா உங்களுக்கும் வரும்."

இரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றது. அண்ணன் இறங்கவில்லை. கதவு மூடாமல் இருக்க ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைக் குறுக்கே கொடுத்துவிட்டு, டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். உங்க கிளாஸுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்கிட்ட கொஞ்சம் இங்கிலீஷ் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

டீச்சர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிச் சிரிக்கப் போனார். அண்ணன் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். பத்து முறை சொல்லவைத்ததற்கு ஐந்து நாள் கழித்து, மயக்க ஊசி போட்டு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஓர் அம்மாவை அண்ணன் கொண்டுபோனார். வெறும் வயிற்றோடு வர வேண்டிய பரிசோதனை. வாசலில் புதிதாக வந்த நர்ஸ் அந்த அம்மாவைப் பார்த்து, சாப்பாடு ஏதாவது, குடிக்க ஏதாவது என்று இங்கிலீஷில் கேட்டார். அந்த அம்மாவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. புரியவில்லை என்பதற்காகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். நர்ஸ் அதைச் சாப்பிடவில்லை என்று எடுத்துக்கொண்டார். ஆனால் அன்று காலையில் அதே அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பசி தாங்காமல் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டதை அண்ணன் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

"சொல்லணும்னு வாயைத் திறந்தேன் டீச்சர். ஈட்டா, ஏட்டா, ஈட்டனா... மூணும் வரிசையா வந்து வாசல்ல நின்னுடுச்சு. யாரை முதல்ல வெளியே விடறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள நர்ஸ் கதவைச் சாத்திட்டாங்க. பழைய ஆளா இருந்தா 'பிரெட், மார்னிங்'னு வாயைத் தொட்டுக் காட்டியிருப்பேன். தப்பா சொல்லிடுவோமோன்னு நின்னுட்டேன்."

மயக்கத்தில் அந்த அம்மாவுக்கு வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. நான்கு நாள் தீவிர சிகிச்சை. ஐந்தாம் நாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். பிழைத்துக்கொண்டார். அந்த நான்கு நாளும் ஷிப்ட் முடிந்ததும் அண்ணன் கண்ணாடிக்கு வெளியே போய் நின்றிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

லிஃப்ட் கத்த ஆரம்பித்தது. அண்ணன் சக்கரத்தை எடுத்தார். டீச்சர் கீழ்த்தளத்துக்குப் போய்க் கோப்புக் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, எந்தக் கோப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றார்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மெக்கானிக் சட்டென்று பதில் பேசுகிறவர் அல்ல. தட்டில் இருந்ததை முடித்து, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சில ஃப்ரிட்ஜ் வரும். மோட்டார் ஓடும், கேஸும் இருக்கும், ஆனா குளிராது. எங்கயோ குழாயில அடைப்பு. தெரியாதவன் மேலமேல கேஸை ஏத்துவான்."

"நான் ஏத்திட்டிருந்தேன்னு சொல்றீங்களா?"

"நான் ஃப்ரிட்ஜைப் பத்திச் சொன்னேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன.

மறுநாள் காலை அவர் செய்த முதல் காரியம், அண்ணனை அழைத்துக்கொண்டு தலைமை நர்சிடம் போனது. தனியாகப் போயிருந்தால் அண்ணன் வாசலோடு திரும்பியிருப்பார். "இதுல பாதித் தப்பு என்னோடதுங்க" என்று டீச்சர் ஆரம்பித்தார். தலைமை நர்ஸ் கோபக்காரர், ஆனால் நியாயக்காரர். சாப்பிட்டாரா என்பதை நோயாளிக்குத் தெரிந்த பாஷையில் வார்டிலேயே கேட்டிருக்க வேண்டும், அது தன் ஆட்களின் வேலை என்று ஒப்புக்கொண்டார். அந்த வாரமே படுக்கைகளில், சாப்பிட்டீர்களா என்று கேட்கும் தமிழ் அட்டை தொங்கியது. வீடு திரும்பியிருந்த அந்த அம்மாவிடமும் மூவருமாகப் போய் நடந்ததைச் சொன்னார்கள். அவர் அண்ணனைப் பார்த்து, "தினமும் ஒருத்தர் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்னார்னு சொன்னாங்களே, அது நீங்கதானா? நான் யாரோ சொந்தக்காரர்னு நினைச்சேன்" என்றார்.

அதோடு அண்ணன் வகுப்புக்கு வந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வரவில்லை. டீச்சரும் கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கே செருப்பை மாற்றிக்கொண்டு ஸ்ட்ரெச்சர் பின்னால் நடந்தார்.

"எதுக்கு டீச்சர் இதெல்லாம்?"

"படிக்க வந்திருக்கேன் அண்ணே. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

எட்டு மணி நேரம். எக்ஸ்ரே, அறுவை அரங்கு, வார்டு, மறுபடி எக்ஸ்ரே. அண்ணன் எங்கெல்லாம் ஒன்று சொல்ல வேண்டியிருந்ததோ, எங்கெல்லாம் சொல்லாமல் விழுங்கினாரோ, அங்கெல்லாம் டீச்சர் குறித்துக்கொண்டார். 'இவருக்கு இடது பக்கம் படுத்தால் வலிக்கும்.' 'கொஞ்சம் பொறுங்கள், பயப்படுகிறார்.' 'இவருக்குக் காது கேட்காது, முன்னால் வந்து பேசுங்கள்.' மொத்தம் முப்பத்தொரு வாக்கியம். அவருடைய ஆளுயர அட்டையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

அட்டை இறங்கியது. மதிப்பெண் பட்டியலும் போயிற்று. அடுத்த திங்கட்கிழமை, மிச்சமிருந்த ஒன்பது பேரிடமும் டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போன வாரம் உங்க தொண்டையில நின்னுபோன வார்த்தை எது?" முதலில் எல்லோரும் விழித்தார்கள். பிறகு ரொட்டி வெட்டும் அம்மா, சர்க்கரை வியாதிக்காரருக்கு இனிப்பு போகிறதைப் பார்த்தும் நர்சிடம் சொல்ல முடியாமல் தட்டையே ஒளித்துவைத்த கதையைச் சொன்னார். அறை சிரித்தது. இந்த முறை யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. அன்றைய பாடம் அந்தத் தட்டுதான். ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளி, ஒருவர் இனிப்பு கொண்டுவருபவர். இலக்கணம் எப்படி வந்தாலும் சரி, இனிப்பு போய்ச் சேரக் கூடாது. "முதல்ல சொன்னது போய்ச் சேரட்டும். அப்புறம் தலை வாரிப் பொட்டு வெச்சுக்கலாம்" என்றார் டீச்சர். அது அவருடைய வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது.

ஒரே மூச்சில் மாறிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. பிழை காதில் விழும்போது ரப்பர் உறை போட்ட கட்டைவிரல் தானாகத் துடிக்கும். அதை அடக்க ஒரு வழி கண்டுபிடித்தார். தவறு என்று சொல்லாமல், அதே விஷயத்தைச் சரியான வாக்கியத்தில் தானும் ஒருமுறை ஆச்சரியப்படுகிற மாதிரி திருப்பிச் சொல்லிவிடுவார். பிடித்துக்கொள்கிறவர் பிடித்துக்கொள்வார். மூன்றாம் மாடி துடைக்கும் அக்காவுக்கு மட்டும் இந்த முறை பிடிக்கவே இல்லை. "தப்பைக் காட்டாம இருக்கிறதுக்கு டீச்சர் எதுக்கு? எனக்கு வட்டம் போடுங்க, அப்பத்தான் படிச்ச மாதிரி இருக்கு" என்று சண்டைக்கு வந்தார். அவர் நோட்டில் மட்டும் இன்றைக்கும் வட்டம் விழுகிறது. அவர் கேட்டு வாங்கிக்கொள்கிற வட்டம். அதைப் பெருமையாக மற்றவர்களுக்குக் காட்டவும் காட்டுகிறார்.

ஒன்பது பன்னிரண்டாகி, பத்தொன்பதானது. ஐந்தாவது வாரம் ஸ்ட்ரெச்சர் அண்ணன் கதவோரம் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, நோட்டும் கொண்டுவரவில்லை. யாரும் "வாங்க" என்றுகூடச் சொல்லாமல் நகர்ந்து இடம் விட்டார்கள். மரப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். முதல் மூன்று வகுப்பும் அவர் பேசவில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று விரல் மடக்கக் கற்றுக்கொண்டது அந்த நாட்களில்தான். நான்காம் வகுப்பில், இரண்டு கையும் மடங்கி முடிந்தபிறகு, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பேஷன்ட் அஃப்ரெய்ட். ஐ டாக். தென் கோ." டீச்சர் திரும்புவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டுதான் திரும்பினார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் வகுப்புக்கு ஓடியே வந்தார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியது.

"டீச்சர், இன்னிக்கு வாய் வந்துடுச்சு."

தலைவலிக்காகச் சேர்ந்திருந்த ஒரு பழைய வெல்டரை, பெரிய காந்தம் வைத்த ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். வழியில் வழக்கம்போலப் பேச்சு. பற்றவைக்கும்போது முப்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் பாய்ந்ததையும், 'எடுக்க வேண்டாம், இருந்துட்டுப் போகட்டும்' என்று அன்றைய டாக்டர் விட்டுவிட்டதையும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உடம்பில் இரும்பு உண்டா என்று கேட்கும் படிவத்தை நிரப்பியது அவருடைய மருமகள். மருமகளுக்கு இந்தக் கதை தெரியாது. காந்த அறையில் இரும்புத் துணுக்கு நகரும், கண் போய்விடும் என்பது இத்தனை வருஷத்தில் அண்ணன் காதில் விழுந்த விஷயம். அதற்குள் வாசலில் வைத்தே வெல்டரை ஸ்கேன் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கும் பெண் அவரை உள்ளே கொண்டுபோகக் கதவில் கை வைத்துவிட்டார்.

"அப்ப என்ன சொன்னீங்க?" என்றார் ரொட்டி வெட்டும் அம்மா, பந்திலிருந்து பாதி எழுந்து.

அண்ணன் எழுந்து நின்றார். ஒரு கையைக் குறுக்கே நீட்டி, இன்னொரு கையின் விரலைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு, அறை அதிரச் சொல்லிக் காட்டினார்.

"வெயிட் சிஸ்டர்! ஹி வெல்டிங் மேன். அயர்ன் கோ இன் ஐ. ஸ்மால். ஸ்டில் இன்சைட்!"

கதவு நின்றது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அரிசி நொய்யளவு வெள்ளைப் புள்ளி, கண் குழிக்குள் இருந்தது. ஸ்கேன் ரத்து. வேறு வழியில் பார்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அந்தப் பெண் ஓடிவந்து அண்ணனின் கையைக் குலுக்கினாராம். வெல்டர் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வார்டு வந்து சேர்கிற வரைக்கும் விடவில்லையாம்.

சலவைப் பிரிவுப் பெண்கள் கை தட்டினார்கள். மூன்றாம் மாடி அக்கா ஓரமாகத் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் அண்ணனுக்கு முன்னால் போய் நின்று கையைக் கூப்பினார்.

"எனக்கு எதுக்கு டீச்சர்?"

"அன்னிக்கு லிஃப்டை நிறுத்திச் சொன்னதுக்கு."

அண்ணனுக்குக் கூச்சமாகப் போயிற்று. பேச்சை மாற்றினார். "அது இருக்கட்டும். நான் சொன்னது எப்படியும் தப்புத்தானே? சரியா எப்படிச் சொல்லணும்? எழுதிப் போடுங்க, கத்துக்கிறேன்." பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட நோட்டை எடுத்தார்.

அவராகத் திருத்தச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. டீச்சர் வெள்ளைப் பலகையில் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். அதற்குக் கீழே முழு இலக்கணத்தோடு இன்னொரு வரி. ஏன் அங்கே அந்தச் சொல், ஏன் இங்கே இந்த வடிவம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். பத்தொன்பது பேரும் எழுதினார்கள். நான்கு மணி அடித்தது. பந்துகள் மூலைக்கு உருண்டன, எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

டீச்சர் துடைக்கிற துணியை எடுத்தார். மறுநாள் காலை நோயாளிகள் வருகிற அறை அது. இலக்கணம் சரியாக இருந்த கீழ் வரியை ஒரே இழுப்பில் துடைத்தார். மேல் வரியை அப்படியே விட்டுவிட்டு, விளக்கை அணைத்தார்.